வட்டாமுவில் தங்கி, கெடி இடிபாடுகளைப் பார்த்து வர

கென்யாவின் கடற்கரையில் மாலிந்திக்குச் சற்றுத் தெற்கே உள்ள வட்டாமு, அவசரம் அறியாத சிற்றூர். இங்கே வருபவர்களில் பலர், அருகிலுள்ள பழைய நகரமான கெடியின் இடிபாடுகளுக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள். குறைந்தது மூன்று மணி நேரமாவது அங்கே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மொம்பாசாவிலிருந்து மாலிந்தி செல்லும் மட்டாட்டுச் சிற்றுந்தில் ஏறி, கெடே (கெடி என்பதன் மற்றொரு வடிவம்) சந்திப்பில் இறங்கினால், அங்கிருந்து டுக்டுக் எனும் மூன்று சக்கர வண்டியில் வட்டாமுவை அடையலாம். இடிபாடுகள் அந்தச் சந்திப்புக்கு அருகிலேயே இருக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் மழை வலுக்கும் என்பதால், வடகிழக்குக் காற்று வீசி கடல் தெளிந்திருக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான காலமே ஏற்றது.

கெடிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் மர நிழலிலும் புழுங்கும். சுமார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தோன்றி, பதினைந்தாம் நூற்றாண்டில் செழித்து, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்ட இந்த சுவாஹிலி (கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை மக்கள்) முஸ்லிம் நகரம், 1948 முதல் தொல்லியலாளர் ஜேம்ஸ் கிர்க்மன் நடத்திய அகழாய்வுகளால் வெளிச்சத்துக்கு வந்தது. 2024இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. முதலில் இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரி 802 (கி.பி. 1399) என்று பொறிக்கப்பட்ட கல்லறையைப் பார்த்துக்கொண்டால், மற்றவற்றின் காலத்தை அதனோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்வது எளிது. அடுத்து பெரிய பள்ளிவாசலுக்குச் செல்லுங்கள். கூரை இல்லாவிட்டாலும் மக்காவின் திசையைக் காட்டும் கிப்லாச் சுவரில் மிஹ்ராப் எனும் தொழுகை மாடம் நிற்கிறது. பக்கத்தில் உளூச் செய்வதற்கான (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுவதற்கான) தொட்டியும் அதற்கு நீர் தந்த கிணறும் உள்ளன. பள்ளிவாசலுக்கு வெளியே உள்ள கிணற்றை எட்டிப் பார்க்கத் தவறாதீர்கள். அது பின்னாளில் மேலும் ஆழப்படுத்தப்பட்டிருப்பது, நிலத்தடி நீர் இறங்கியதுகூட நகரம் கைவிடப்பட ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருத்துக்கு இடம் தந்தது. போர்களும் இடப்பெயர்வுகளும் மற்றக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

அரண்மனையையும் அதை அடுத்துள்ள வீடுகளையும் நிதானமாகச் சுற்ற வேண்டும். பவளப்பாறைக் கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு கட்டிய அந்த வீடுகளுக்கு, அவற்றில் கிடைத்த பொருள்களை வைத்தே சோழி வீடு, கத்தரிக்கோல் வீடு, தந்தப்பேழை வீடு என்று பெயரிட்டிருக்கிறார்கள். சீனப் பீங்கானும் வெனிஸ் பாசிமணியும் இங்கே கிடைத்திருப்பதைப் பார்க்கும்போது, கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருந்த ஊருக்கு இவ்வளவு தூரத்துச் சரக்கு எப்படி வந்தது என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். அனுபவமுள்ள உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டால் இத்தகைய கேள்விகளை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். கல்லின் விளிம்புகள் கூர்மையானவை. எனவே செருப்பை விட மூடிய காலணியே நல்லது. கொசு விரட்டியும் தேவைப்படும். குரங்குகள் கைப்பையைக் குறிவைக்கும், உணவை வெளியே எடுக்காதீர்கள்.

மாலைப் பொழுதை வட்டாமுவுக்கு விடுங்கள். 1968இல் அமைந்த கடல் தேசியப் பூங்காவில் பவளப்பாறைகளைப் பார்க்கப் படகில் போகலாம். ஆனால் ஓத நேரத்தை (கடல் நீர் ஏறி இறங்கும் நேரத்தை) விடுதியில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் இறங்கோதத்தில் தென்படும் மணல்திட்டுகள் ஏறோதத்தில் மறைந்துவிடும். மிடா கழிமுகத்தின் அலையாத்திக் காட்டு நடைபாலத்துக்கும் இதே விதிதான். நீர் வடிந்த பிறகு சேற்றில் இரைதேடும் பறவைகளைத் தெளிவாகப் பார்க்கலாம். கடற்கரையில் நீச்சல் உடை இயல்பானதே என்றாலும், முஸ்லிம்கள் கணிசமாக வாழும் ஊர் என்பதால், தெருவுக்குள் வரும்போது தோளும் முழங்காலும் மூடிய உடை பொருத்தமானது. கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்கு 2017 முதல் தடை இருக்கிறது. துணிப்பை எடுத்துச் செல்லுங்கள்.