ஃப்ரீசர் காய்கறி குழையாமல் வதக்குவது எப்படி?

உறைந்த காய்கறி என்றாலே முகம் சுளிப்பவர்களை விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதைத் தண்ணீரில் வேகவைத்துச் சாப்பிட்டவர்களாக இருப்பார்கள். சொதசொதவென்று, நிறம் வெளிறி, கரண்டி பட்டாலே உடைகிற அந்தக் காயைத் தின்றுவிட்டுப் பழியைப் பையின் மீது போடுகிறார்கள். பை பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. வேலை முடிந்து களைத்து வரும் மாலையில், கழுவவும் நறுக்கவும் தேவையில்லாத காய் வீட்டில் தயாராக இருப்பது எவ்வளவு பெரிய வசதி! பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் தொட்டுக்கொள்ள ருசியான காய் செய்துவிடலாம். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே நம் வேலை காயை வேகவைப்பதல்ல, அதிலுள்ள தண்ணீரை விரட்டுவது.

ஏனென்றால், வேகவைக்கும் வேலையைத் தொழிற்சாலையிலேயே பாதி முடித்துவிடுகிறார்கள். உறையவைப்பதற்கு முன் பெரும்பாலான காய்களைக் கொதிநீரிலோ ஆவியிலோ சிறிது நேரம் காட்டி உடனே குளிர்விக்கிறார்கள். காயிலுள்ள நொதிகளை அப்படி அடக்காவிட்டால் ஃப்ரீசருக்குள்ளேயே நிறமும் மணமும் மெல்லக் கெடும். வெங்காயமும் குடைமிளகாயும் மட்டும் பொதுவாக இதற்கு விலக்கு. அவற்றைப் பச்சையாகவே உறையவைக்கிறார்கள். புதிதாக வாங்கிய பீன்ஸுக்கு ஆகும் நேரத்தை உறைந்த பீன்ஸுக்கும் கொடுத்தால் அது குழையாமல் என்ன செய்யும்?

இன்னொரு சிக்கல் பனிக்கட்டி. காய்க்குள் இருக்கும் நீர் உறையும்போது படிகங்களாகி உயிரணுச் சுவர்களைக் கிழிக்கிறது. மெதுவாக உறைந்தால் படிகங்கள் பெரிதாகும், சேதமும் அதிகம். வேகமாக உறைந்தால் இரண்டும் குறைவு. கனடாவின் லாப்ரடார் பகுதியில், பிடித்த மீன் கடுங்குளிரில் கண்முன்னே உறைவதையும், பிறகு சமைத்தால் புதுமீன் போலவே இருப்பதையும் கவனித்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், 1920களில் விரைவாக உறையவைக்கும் முறையை உருவாக்கினார். 1930இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் அந்த முறையில் உறைந்த உணவுகள் விற்பனைக்கு வந்தன. ஆனாலும் எவ்வளவு வேகமாக உறையவைத்தாலும் கொஞ்சம் கிழிசல் மிஞ்சத்தான் செய்யும். பனி உருகும்போது அந்த வழியாகத்தான் நீர் கசிகிறது. அந்த நீரிலேயே காய் கிடந்து வெந்தால் கதை முடிந்தது.

சரி, அடுப்படிக்குப் போவோம். இரண்டு, மூன்று பேருக்கு 300 முதல் 400 கிராம் காய் போதும். அகலமான, அடிகனமான வாணலி ஒன்று, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், நான்கு பல் பூண்டு, உப்பு, மிளகுத்தூள், அரை எலுமிச்சம்பழம். இவ்வளவுதான்.

1. பையைத் தடவிப் பாருங்கள். துண்டுகள் உள்ளே உதிரியாக ஓட வேண்டும். மொத்தமும் ஒரே பாறையாக இறுகியிருந்தால், வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

2. உருகவிடாதீர்கள். ஃப்ரீசரிலிருந்து நேரே வாணலிக்கு. முன்கூட்டியே எடுத்து வெளியே வைத்தால் காய் தன் நீரிலேயே ஊறித் தளர்ந்துவிடும். கீரை மட்டும் வேறு வகை: அதை ஃப்ரிட்ஜில் வைத்து உருகவிட்டு, இரு கைகளாலும் இறுகப் பிழிந்துவிட்டுத்தான் வதக்க வேண்டும். பிழியும்போது வரும் தண்ணீரைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

3. வாணலியைச் சூடாக்கி, எண்ணெய் இல்லாமல் காயைப் போடுங்கள். எல்லோரும் முதலில் எண்ணெய் ஊற்றத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பனி ஒட்டிய காயைக் காய்ந்த எண்ணெயில் போட்டால் படபடவென்று தெறிக்கும். புதிதாகச் சமைக்க வருபவர்கள் பயந்து தீயைக் குறைப்பார்கள். குறைந்த தீயில் காய் அவியத் தொடங்கும். வெறும் வாணலியில் நீரை முதலில் வற்றவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இரும்பு அல்லது எவர்சில்வர் வாணலியை நன்றாகச் சூடாக்கலாம். நான்ஸ்டிக் என்றால் வெறுமனே அதிகம் காயவிடக் கூடாது. அடுப்பை மூட்டியதுமே காயைப் போட்டுவிடுங்கள். பைக்குள் உதிர்ந்து கிடக்கும் பனித்தூளை வாணலியில் கொட்டாமல் காயை மட்டும் அள்ளிப் போடுங்கள்.

4. மூடாதீர்கள், குவிக்காதீர்கள். இந்தப் படிதான் முழுச் சமையலையும் தீர்மானிக்கிறது. ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 334 ஜூல் வெப்பம் வேண்டும். அதே ஒரு கிராம், கொதிநிலையில் ஆவியாகிப் போக ஏறத்தாழ 2,260 ஜூல், கிட்டத்தட்ட ஏழு மடங்கு. பனி உருகியதும் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று நினைப்போம். உண்மையில் அடுப்புக்குப் பெரிய வேலையே அப்போதுதான் ஆரம்பிக்கிறது. காயைக் குவித்துப் போட்டால் வாணலியின் சூடு மொத்தமும் அதிலேயே செலவாகி, ஆவி மேலே தப்பிக்க வழியில்லாமல் காய் புழுங்கும். மூடி போட்டால் ஆவி நீராகித் திரும்ப உள்ளேயே சொட்டும். ஆகவே தீ அதிகமாக, காய் ஒற்றை அடுக்காக, வாய் திறந்தபடி. வாணலி சிறிது என்றால் இரண்டு தவணையாகச் செய்யுங்கள். சோம்பல்பட்டு ஒரே தடவையில் போடுவதைவிட மொத்த நேரம் அதிகமாகிவிடாது.

முதல் இரண்டு நிமிடம் அடியில் தண்ணீர் கூடும். பதற வேண்டாம். சலசலப்பு ஓய்ந்து, உலர்ந்த சடசடப்பு கேட்கத் தொடங்கும்போது நீர் வற்றிவிட்டது என்று பொருள். கண்ணைவிடக் காது இங்கே நம்பகமானது.

5. இப்போது எண்ணெய். ஓரமாகச் சுற்றி ஊற்றி ஒருமுறை புரட்டுங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் முழுதாகச் சும்மா இருங்கள். ஓயாமல் கிளறினால் எந்தப் பக்கமும் சிவக்காது. ருசி இருப்பது அந்தப் பொன்னிற ஓரங்களில்தான். ஒரு பக்கம் சிவந்ததும் திருப்பி இன்னொரு நிமிடம்.

6. பூண்டு, உப்பு, மிளகு, புளிப்பு. இதே வரிசையில், கடைசி நேரத்தில். நசுக்கிய பூண்டை முன்னதாகப் போட்டால் கருகிக் கசக்கும். உப்பு காயிலிருந்து நீரை இழுக்கும், ஆகவே அதுவும் இறுதியில். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் மணம் போவதோடு பச்சைக் காய்களின் நிறமும் மங்கிவிடும்.

நேரக் கணக்கு காய்க்குக் காய் மாறும். பட்டாணிக்கும் மக்காச்சோளத்துக்கும் எல்லாம் சேர்த்து நான்கைந்து நிமிடம் போதும். பீன்ஸ், ப்ரோக்கோலி, காலிஃபிளவருக்கு ஏழு முதல் பத்து. சிறு சதுரங்களாக நறுக்கிய கலவைக் காய் ஆறேழு நிமிடத்தில் தயாராகும். பட்டாணியையும் பெரிய காலிஃபிளவர் துண்டுகளையும் ஒரே பையில் கலந்து விற்பதை மட்டும் நான் வாங்குவதில்லை. ஒன்று பதமாகும்போது மற்றொன்று சுருங்கிவிடுகிறது.

ஓவன் இருந்தால் ப்ரோக்கோலிக்கும் காலிஃபிளவருக்கும் அதுவே மேல். 220 டிகிரி செல்சியஸ். வெறும் தட்டையும் ஓவனோடு சேர்த்தே சூடாக்குங்கள். உறைந்த காயில் எண்ணெய் புரட்டி, அந்தச் சூடான தட்டில் இடைவெளி விட்டுப் பரப்பினால் 20 முதல் 25 நிமிடத்தில் ஓரம் முறுகிவிடும், நடுவில் ஒருமுறை புரட்டினால் போதும். மைக்ரோவேவில் காய் வேகும், சிவக்காது. அவசரத்துக்குப் பட்டாணி சூடாக்க மட்டும் அது சரி.

ஓர் எச்சரிக்கை. பாதி வெந்ததுதானே என்று உறைந்த மக்காச்சோளத்தையும் பட்டாணியையும் அப்படியே சாலட்டில் போடும் பழக்கம் பலரிடம் உண்டு. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா உறைநிலையிலும் சாகாது. ஐரோப்பாவில் 2015 முதல் பல நாடுகளில் பரவிய லிஸ்டீரியா தொற்றுக்கு உறைந்த மக்காச்சோளமே காரணம் என்று 2018இல் கண்டறிந்து, பல உறைந்த காய்கறிகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். பையின் மீது சமைக்காமல் உண்ணலாம் என்று அச்சிட்டிருந்தால் ஒழிய, உள்ளே வரை ஆவி பறக்கும்படி சூடாக்கிய பிறகே சாப்பிடுங்கள். கர்ப்பிணிகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே வேண்டாம்.

மீந்த பையிலுள்ள காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இறுகக் கட்டி, உடனே உள்ளே வையுங்கள். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். கதவோரத்தில் வைக்காதீர்கள், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அங்கேதான் வெதுவெதுப்பான காற்று முதலில் படும்.