பகலில் எடுத்த இரவுப் படம்: இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் கலை, நாடகம் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரந்த சதுக்கம். துப்பாக்கி ஏந்திய கூட்டம் அரண்மனையை நோக்கி ஓடுகிறது. ரஷ்யப் புரட்சி பற்றிய கட்டுரைகளில் இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை அடிக்கடி பார்க்கலாம். பல வருடங்களுக்கு முன் ஒரு சிற்றிதழுக்கு நான் எழுதிய கட்டுரைக்கும் இதைத்தான் தேடிக் கொடுத்தேன். ‘குளிர்கால அரண்மனையைப் புரட்சியாளர்கள் கைப்பற்றுகிறார்கள், பெத்ரோகிராத், 1917’ என்று படவிளக்கமும் நானே எழுதினேன். படத்தில் ஓடுகிறவர்கள் நடிக்க வந்தவர்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அது 1920-ல் எடுத்த படம். புரட்சியின் மூன்றாம் ஆண்டு நிறைவுக்காக, நவம்பர் 7 அன்று, அதே சதுக்கத்தில் நிக்கலாய் யெவ்ரெய்னவ் என்ற இயக்குநர் ஒரு பிரம்மாண்டமான திறந்தவெளி நாடகம் போட்டார். ஒரு பக்கம் புரட்சியை எதிர்த்த ‘வெள்ளை’ அணியின் மேடை, இன்னொரு பக்கம் புரட்சியாளர்களின் சிவப்பு மேடை, நடுவில் ஒரு பாலம். நடித்தவர்களே ஆயிரக்கணக்கில். அரண்மனை ஜன்னல்களுக்குள் விளக்கேற்றிச் சண்டையை நிழலாகக் காட்டினார்கள். புழக்கத்தில் இருக்கும் படம் அந்த நாடகத்துக்கான ஒத்திகையில் எடுத்தது. இயக்குநர் நின்று உத்தரவு கொடுத்த கோபுரத்தையும் வேடிக்கை பார்த்தவர்களையும் அழித்துவிட்டு, பிற்பாடு அதை 1917-ன் ஆவணமாக்கிவிட்டார்கள்.

கொஞ்சம் யோசித்திருந்தால் நான் தப்பித்திருக்கலாம். படத்தில் நல்ல பகல் வெளிச்சம். அரண்மனை விழுந்ததோ இரவில். புரட்சியாளர்கள் பக்கம் இருந்த அவ்ரோரா போர்க்கப்பல் வெற்று வெடி வெடித்தபோது இரவு ஒன்பதரை தாண்டிவிட்டது. உள்ளே இருந்த இடைக்கால அரசின் அமைச்சர்களைக் கைது செய்தபோது மறுநாள் அதிகாலை இரண்டு மணிக்கு மேல். பிரதமர் கெரென்ஸ்கி அவ்ரோரா வெடித்த அன்று காலையிலேயே ஊரைவிட்டுக் கிளம்பியாயிற்று. காவலுக்கு மிஞ்சியிருந்தவர்கள் ராணுவப் பள்ளி மாணவர்கள், பெண்கள் படைப்பிரிவில் சிலர், இன்னும் கொஞ்சம் பேர். ஆயிரக்கணக்கானோர் திரண்டு பாய்ந்த காட்சி அன்று இல்லை. அதை முதலில் யெவ்ரெய்னவ் மேடையில் காட்டினார். பிறகு 1928-ல் வெளியான தன் படத்தில் ஐசன்ஸ்டைன் திரையில் காட்டினார். அந்தப் படத்தின் காட்சிகளும் இப்போது ஆவணங்கள் மாதிரியே உலவுகின்றன. கட்டபொம்மன் என்றதும் நம் காதில் சிவாஜியின் குரல் கேட்கிறதல்லவா, அந்த மாதிரிதான்.

1900-லிருந்து 1920 வரையிலான கலை, நாடகம் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் நான் பார்க்கும் பிழைகளில் பாதி இந்த ரகம். நடந்தது ஒரு நாள், அதை நடித்துக் காட்டியது இன்னொரு நாள், கதையாகச் சொன்னது வேறொரு நாள். மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

அடுத்த உதாரணம் 1913 மே 29. பாரிஸில் ஷோன்செலிசே அரங்கில் ‘வசந்தத்தின் சடங்கு’ என்ற பாலே நடனம் முதல் முறையாக மேடையேறியது. ஸ்ட்ராவின்ஸ்கியின் இசை, நிஜின்ஸ்கியின் நடன அமைப்பு, ரோரிக்கின் அரங்கமும் உடைகளும். ‘கலவரம் வெடித்தது, நிகழ்ச்சி பாதியில் நின்றது, இசை புரியாத பாரிஸ் கொந்தளித்தது’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. சத்தமும் கூச்சலும் இருந்தது நிஜம். ஆடுகிறவர்களுக்கு இசை காதில் விழாமல், நிஜின்ஸ்கி பக்கவாட்டில் நாற்காலி மேல் ஏறி நின்று தாள எண்ணிக்கையைக் கத்தினார். ஆனால் நிகழ்ச்சி நிற்கவில்லை. இசைக்குழு நடத்துநர் மோந்தோ கடைசி வரை வாசிக்க வைத்தார். அதன் பிறகு அதே மேடையில் அன்றைக்கு அறிவித்திருந்த மற்ற நடனங்களும் நடந்தன. கலவரத்தில் சிதறிய கூட்டம் உட்கார்ந்து அடுத்த உருப்படியைப் பார்க்காது.

கோபம் இசை மேல் மட்டும்தானா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பாதங்களை உள்பக்கம் திருப்பி, கனமாகத் தரையை மிதித்து ஆடிய ஆட்டம்தான் நிறையப் பேரை எரிச்சலூட்டியது. மறு வருடம் ஏப்ரலில் பாரிஸிலேயே அதே இசையை நடனம் இல்லாமல் வாசித்தபோது கைதட்டல் ஓயவில்லை. ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சாட்சிகளை நம்புவதிலும் ஒரு கண் வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் அந்த முதல் இரவை நேரில் பார்த்தவர் போலவே விவரித்திருக்கிறார். அவர் போனது இரண்டாவது காட்சிக்கு. நிஜின்ஸ்கியின் நடன அமைப்பு பாரிஸிலும் லண்டனிலுமாகச் சில காட்சிகள் மட்டுமே நடந்து வழக்கொழிந்தது. இன்று இணையத்தில் ‘அசல் வடிவம்’ என்று பார்ப்பது 1987-ல் அமெரிக்காவின் ஜாஃப்ரி பாலே குழு, கிடைத்த குறிப்புகளையும் ஓவியங்களையும் வைத்து மீட்டெடுத்தது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை 1913 என்று எழுதாதீர்கள். அப்புறம், ‘வசந்தத்தின் சடங்கை’ மேடையேற்றிய தியாகிலெவின் குழுவுக்குப் பெயர்தான் ரஷ்ய பாலே, அது ரஷ்யாவில் ஒரு முறைகூட ஆடியதில்லை. ‘மாஸ்கோவில் புகழ்பெற்ற’ என்று ஒரு கட்டுரையில் படித்துவிட்டுச் சிரித்தேன்.

இனி சுவிட்சர்லாந்தின் சூரிக். 1916 பிப்ரவரி 5 அன்று ஷ்பீகெல்காஸே என்ற குறுகிய தெருவின் முதல் எண் கட்டடத்தில் ஹியூகோ பாலும் எம்மி ஹென்னிங்ஸும் ஒரு சிறு கேளிக்கை அரங்கம் திறந்தார்கள். போரையும் மரபான கலையையும் கேலி செய்த தாதா இயக்கம் அங்கேதான் பிறந்தது. (நம் ஊரில் தாதா என்றால் அரிவாளோடு வருகிறவர். வாசகர் குழம்பாமல் இருக்க முதல் முறை ‘தாதா கலை இயக்கம்’ என்று எழுதிவிடுங்கள்.) அதே மாதம் அதே தெருவில் 14-ஆம் எண் வீட்டுக்கு லெனினும் அவர் மனைவி குரூப்ஸ்காயாவும் குடிவந்தார்கள். இவ்வளவு அருமையான தற்செயல் கிடைத்தால் எழுதுகிறவன் கை சும்மா இருக்குமா? லெனின் தாதா அரங்கில் உட்கார்ந்தார், தாதா கவிஞர் திரிஸ்தான் ஸாராவோடு சதுரங்கம் ஆடினார் என்றெல்லாம் எழுதுகிறார்கள். ஒரே தெருவில் இருந்தார்கள் என்பது வரை உறுதி. அதற்கு மேல் எழுத ஆதாரம் வேண்டும்.

இந்தக் கதைக்கு உரம் போட்டதும் ஒரு நாடகம்தான். 1974-ல் டாம் ஸ்டாப்பர்ட் எழுதிய நாடகத்தில் லெனின், ஸாரா, அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் மூவரும் சூரிக்கில் ஒரே கதைக்குள் வருகிறார்கள். கதை நடப்பது ஒரு கிழவரின் குழம்பிப்போன ஞாபகத்தில். ஆசிரியர் வேண்டுமென்றே செய்த குழப்பம் அது. ஜாய்ஸ் பங்கெடுத்த ஆஸ்கர் வைல்டு நாடகம் சூரிக்கில் மேடையேறியது 1918-ல். லெனின் 1917 ஏப்ரலிலேயே ரஷ்யாவுக்கு ரயிலேறிவிட்டார்.

‘முதல் உலகப் போரின் அதிர்ச்சியில்தான் நவீன கலை பிறந்தது’ என்ற வாக்கியத்தையும் கொஞ்ச நாள் தள்ளி வைக்கலாம். பிக்காசோ ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ ஓவியத்தை வரைந்தது 1907. இத்தாலியக் கவிஞர் மரினெட்டியின் எதிர்காலவாதக் கலை அறிக்கை பாரிஸ் நாளிதழில் வந்தது 1909 பிப்ரவரி 20. போர்க் கொடுமையைக் காட்டுவதாகச் சொல்லப்படும் முங்கின் ‘அலறல்’ ஓவியம் 1893. போர் மூண்டது 1914-ல். தாதாவைப் போரின் பிள்ளை என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். மற்றவற்றைப் பொறுத்தவரை போர் செய்தது வேறு வேலை: ஆட்களைக் கொன்றது. ஓவியர் மாக்கெ 1914-ல், அவர் நண்பர் ஃப்ரான்ஸ் மார்க் 1916-ல் வெர்தன் போர்க்களத்தில். கவிஞர் அப்பொல்லினேர் போர்க்காயத்தால் செத்தார் என்று எழுதுவது இன்னொரு வழக்கமான சறுக்கல். தலையில் அடிபட்டது 1916-ல். உயிரைக் கொண்டுபோனது 1918 நவம்பர் 9-ல் ஸ்பானிஷ் ஃப்ளூ என்ற விஷக்காய்ச்சல். இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் போர் நின்றதைப் பார்த்திருப்பார்.

பிக்காசோவின் அந்த ஓவியம் ‘1907-ல் பாரிஸையே உலுக்கியது’ என்பதும் சரியில்லை. பட்டறைக்கு வந்துபோன நண்பர்கள் உலுங்கியிருக்கலாம். பொதுமக்கள் கண்ணில் பட்டது 1916-ல். கலைஞர் தூஷான் கலைப்படைப்பாக முன்வைத்த சிறுநீர்த் தொட்டிக்கும் இதே எச்சரிக்கை: 1917-ன் அசல் தொலைந்துவிட்டது, அருங்காட்சியகங்களில் இருப்பவை பின்னாளில் அவர் ஒப்புதலோடு செய்த நகல்கள்.

ஊர்ப் பெயரைப் பற்றி ஒரு வரி போதும். 1914 வரை பீட்டர்ஸ்பர்க், 1924 வரை பெத்ரோகிராத், அதன் பிறகுதான் லெனின்கிராத். லெனின்கிராத்தில் அக்டோபர் புரட்சி நடக்க வழியே இல்லை.

கடைசியாகத் தேதி. 1918 தொடக்கம் வரை ரஷ்யா பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தது. 1918 ஜனவரி 31-க்கு அடுத்த நாள் அங்கே பிப்ரவரி 14. அக்டோபர் 25-ல் நடந்த புரட்சியை நவம்பர் 7-ல் கொண்டாடியது இதனால்தான். பதின்மூன்று நாளைக் கூட்டினால் போதும் என்று நினைத்தால் அங்கேயும் ஒரு பள்ளம். அது இருபதாம் நூற்றாண்டுக் கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பன்னிரண்டு நாள். ரஷ்ய எழுத்தாளர் செகாவின் கடைசி நாடகமான ‘செர்ரித் தோட்டம்’ மாஸ்கோ கலை அரங்கில் அவருடைய பிறந்த நாளான ஜனவரி 17 அன்று மேடையேறியது. புதிய கணக்கில் அவர் பிறந்தது 1860 ஜனவரி 29. நாடகம் அரங்கேறியது 1904 ஜனவரி 30. ஒரே நாள்தான், மாற்றினால் இரண்டாகப் பிரிந்துவிடும். எந்த நாள்காட்டி என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள், தொல்லை விடும்.

நான் செய்த படவிளக்கப் பிழைக்கு அந்தச் சிற்றிதழ் அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டது. படம் 1917-ல் எடுத்ததல்ல, 1920-ல் போட்ட நாடகம் என்று அழகாகச் சொல்லியிருந்தார்கள். நாடகம் நடந்த தேதி நவம்பர் 25 என்று அச்சாகியிருந்தது.