சிறுகதைத் தொகுப்பு: புதுத் தொகுப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபது, இருபத்திரண்டு பேரின் கதைகளைச் சேர்த்து ஒரு சமகாலத் தொகுப்பு கொண்டுவருவது, ஒருவருடைய புத்தகத்தைப் போடுவதைவிடச் சுலபம் என்றுதான் புதிதாக இறங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். கதைகள் ஏற்கெனவே இதழ்களில் வந்தவை. பொறுக்கி அடுக்கினால் ஆயிற்று என்று கணக்கு. எழுத்துப்பிழை பார், அட்டையில் பெயரைச் சரிபார் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. தொகுப்புக்கென்றே சில தவறுகள் இருக்கின்றன. முன்பு செய்தவர்கள் பட்ட பாட்டைக் கேட்டிருந்தும் புதியவர்கள் அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

‘உங்களுக்குப் பிடித்த கதை ஒன்று அனுப்புங்கள்’

இப்படிக் கேட்ட நிமிடமே தேர்வு தொகுப்பாளரின் கையை விட்டுப் போய்விடுகிறது. எழுத்தாளர் பெரும்பாலும் கடைசியாக எழுதியதை அனுப்புவார்; இல்லாவிட்டால் யாரும் கவனிக்கவில்லையே என்று அவருக்கு மனக்குறை உள்ள கதையை. வந்த பிறகு ‘வேறு ஒன்று தாருங்கள்’ என்று கேட்கவும் முடியாது.

முதலில் படித்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு கதைகளைக் குறித்துக்கொண்டு, முதலாவதைத் தலைப்புச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது கையிருப்பு. அது எதற்கு என்பது அடுத்த பகுதியில் புரியும்.

‘சமகாலம்’ என்பதற்கும் எல்லை வேண்டும். கதை முதலில் அச்சான ஆண்டை வைத்தா, எழுத்தாளர் எழுதவந்த ஆண்டை வைத்தா? எதுவானாலும் ஒன்றை முடிவுசெய்து முன்னுரையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் மதிப்புரை முழுக்க விடுபட்டவர்களின் பட்டியலாகவே இருக்கும்.

‘தாராளமாப் போட்டுக்குங்க’

எத்தனை தடவை சொன்னாலும் தீராத தவறு இது. போனில் பேசுவார்கள், எழுத்தாளர் மகிழ்ச்சியாகத் ‘தாராளமாப் போட்டுக்குங்க’ என்பார், பட்டியலில் டிக் அடித்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்துவார்கள். இருபத்திரண்டு போன் முடிந்ததும் ‘அனுமதி அளித்த அனைவருக்கும் நன்றி’ என்று முன்னுரையும் தயார். இதைத் தவிர்க்க ஆகும் செலவு ஒரே பக்கக் கடிதம் என்பதால்தான் இத்தனை எரிச்சல்.

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 30ஆம் பிரிவில், உரிமம் (படைப்பைப் பயன்படுத்திக்கொள்ள உரிமையாளர் தரும் அனுமதி) எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. உரிமை மாற்றத்துக்கு 19ஆம் பிரிவு விதிக்கும் நிபந்தனைகள் 30ஏ பிரிவின் வழியாக உரிமத்துக்கும் பொருந்துகின்றன. வாட்ஸ்அப்பில் வந்த ‘ஓகே’வும் எழுத்துதானே என்று வாதாடலாம். ஆனால் எந்தக் கதை, அச்சுக்கு மட்டுமா மின்னூலுக்குமா, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு என்று அந்த ஓகேயில் ஒன்றுமே இல்லை. நாம் எழுதாமல் விட்டதைச் சட்டம் தானே நிரப்பிக்கொள்ளும். காலம் சொல்லப்படவில்லையா, 5 ஆண்டு. இடம் சொல்லப்படவில்லையா, இந்தியாவுக்குள் மட்டும். கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் வாசகர்கள் இருக்கும் மொழியில், இந்த இரண்டாவது விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை.

இன்னொன்று: வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தவில்லையென்றால் அது காலாவதி ஆகும். புத்தகச் சந்தைக்கு வரும் என்று சொல்லி, அடுத்த சந்தைக்குத் தள்ளிப்போன தொகுப்புகள் கொஞ்சமா? முதலில் சம்மதித்தவரின் அனுமதி, கடைசியாகச் சம்மதித்தவருக்காகக் காத்திருந்த காலத்திலேயே செத்துப்போயிருக்கலாம்.

தனி நூலில் அனுமதி ஒன்று. சரி அல்லது சரியில்லை, அவ்வளவுதான். தொகுப்பில் இருபத்திரண்டு அனுமதிகளில் ஒன்று பழுதானாலும் மற்ற இருபத்தொரு பேரின் கதைகளும் சேர்ந்து முடங்கும். டெம்மி அளவில் 224 பக்கம், 14 பாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கங்கள் ஒரு பாரம்) கொண்ட புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 103ஆம் பக்கத்தில் தொடங்கி 113இல் முடியும் கதைக்கு எதிர்ப்பு வருகிறது. பாரத்துக்கு 16 பக்கம் என்பதால் 7ஆம் பாரம் 97இலிருந்து 112 வரை. ஆக அந்தக் கதை 7, 8 என இரண்டு பாரங்களில் உட்கார்ந்திருக்கிறது. கதையை எடுத்துவிட்டால் பின்னால் உள்ள எல்லாப் பக்க எண்ணும் மாறும், பொருளடக்கம் மாறும், முன்னுரையில் அந்தக் கதையைப் பற்றிய பத்தி போகும், பின்னட்டையில் பெயர் போகும். அதே 11 பக்கத்தில் அடங்கும் மாற்றுக் கதை கையில் இருந்தால், புத்தகம் பைண்டிங் கட்டுக்குப் போகாதவரை அந்த இரண்டு பாரங்களோடு முன்பக்கப் பாரத்தையும் அட்டையையும் மறுபடி அடித்துத் தப்பிக்கலாம். கையிருப்புக் கதை இதற்குத்தான். கட்டும் முடிந்துவிட்டால் எல்லாப் பிரதியும் கிடங்கில்தான்.

சரி, யாரிடம் கேட்பது? புதியவர்கள் சறுக்கும் இடம் இதுவும்தான். பத்திரிகையில் வந்த கதையென்றால் பத்திரிகையிடம் கேட்டால் போதும் என்று நினைப்பார்கள். அங்கே சம்பளத்துக்கு வேலை செய்தவராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதியவராக இருந்தால், எழுதிக் கொடுத்துவிடாதவரை உரிமை எழுத்தாளருடையதே. ஆனால் அவரே தன் தொகுதியின் பதிப்பாளருக்குத் தனியுரிமை, அதாவது வேறு யாரும் வெளியிட முடியாதபடியான உரிமை, எழுதிக் கொடுத்திருக்கலாம். அதை மறந்தும் இருக்கலாம். ‘இந்தக் கதைக்கு வேறு யாருடனாவது ஒப்பந்தம் உண்டா?’ என்ற கேள்வியைக் கடிதத்திலேயே சேருங்கள். எழுத்தாளர் காலமாகியிருந்தால், இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுக்கு உரிமை வாரிசுகளிடம். மூத்த மகன் சம்மதித்தார் என்பது போதாது, உயில் இல்லையென்றால் வாரிசுகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவதே பாதுகாப்பு. மொழிபெயர்ப்புக் கதைக்கு இரண்டு அனுமதி: மூல ஆசிரியர் ஒருவர், மொழிபெயர்த்தவர் ஒருவர்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: கதைத் தலைப்பு, முதலில் வந்த இதழ், மாதம், ஆண்டு, கதையின் எந்தப் பாடம் (எந்த வடிவம்) எடுக்கப்படுகிறது என்பது, அச்சு – மின்னூல் – ஒலிநூல் இவற்றில் எவை, எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், தனியுரிமை அல்ல என்ற வரி, மறுபதிப்புக்கும் பொருந்துமா, சன்மானம், பிரதிகள், எந்தத் தேதிக்குள் வெளியாகும், கையெழுத்து. பதிப்பாளர் தொகுப்பாளரிடம் ‘முழு உரிமை’ கேட்டால் கவனம். தொகுப்பாளருக்குச் சொந்தம் தேர்வும் அடுக்கும் மட்டுமே. தன்னிடம் இல்லாததை எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு முழிப்பவர்கள் உண்டு.

கிடைத்த பிரதியிலிருந்து தட்டச்சு செய்வது

ஒரே கதைக்கு மூன்று பாடங்கள் இருப்பது சாதாரணம். இதழில் இடம் போதாமல் கடைசிப் பத்தி வெட்டப்பட்டிருக்கும். எழுத்தாளர் தன் தொகுதியில் சேர்க்கும்போது திருத்தியிருப்பார். இணையத்தில் உலவுவதில் பத்திப் பிரிப்பே காணாமல் போயிருக்கும். எதை எடுப்பது என்று எழுத்தாளரிடம் கேட்டுவிட்டு, அதையே கடைசிவரை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தொகுப்பிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். அவர்களுடைய பிழையும் இலவசமாக வரும்.

பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ ஆகியிருக்கும், அதாவது ‘ௌ’ என்ற ஒற்றைக் குறிக்குப் பதில் கொம்பும் ‘ள’ எழுத்தும் தனித்தனியாக. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் அகப்படாது. ‘ெள’ என்று ஒருமுறை, ‘ௌ’ என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். ஆனால் மொத்தமாக மாற்றும் பொத்தானை அழுத்தாதீர்கள், ‘தெளிவு’ம் ‘வெள்ளை’யும் சேர்ந்து கெடும். இடையில் வந்த ஆங்கிலச் சொற்கள் மாற்றத்தில் புரியாத குறிகளாகவும், சாய்வெழுத்து நேரெழுத்தாகவும் ஆகியிருக்கும். மூலப்பிரதியைப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

எல்லாக் கதையையும் ஒரே தமிழாக்குவது

மெய்ப்புப் பார்ப்பவரிடம் பொதுவான ஒரு விதித்தாளைக் கொடுத்துவிட்டால் இதுதான் நடக்கும். யாழ்ப்பாணத்துக் கதையில் ‘ரொறன்ரோ’ டொரண்டோ ஆகும், ‘பேந்து’ பிறகு ஆகும். நாஞ்சில் நாட்டுப் பேச்சும் கொங்குப் பேச்சும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். ஒற்று, நிறுத்தக்குறி, மேற்கோள்குறி இவற்றை ஒழுங்குபடுத்தலாம், அதுவும் ஆசிரியர் நடையில் மட்டும். உரையாடலில் கை வைக்கக் கூடாது. ஒவ்வொரு கதைக்கும் தனித் தாளில் ‘இந்தச் சொற்களைத் தொடாதே’ என்று பத்துச் சொல் எழுதிக் கொடுங்கள். கடைசி மெய்ப்பு எழுத்தாளருக்குப் போக வேண்டும். பதில் வர 10 நாள் கெடு வையுங்கள்.

அகரவரிசையில் அடுக்குவது

யாருக்கும் வருத்தம் வராத வழி, படிக்கிறவருக்குத்தான் சோர்வு. தன்மையில் (‘நான்’ என்று) சொல்லப்பட்ட இரண்டு பால்யகாலக் கதைகள் அடுத்தடுத்து வந்தால் இரண்டாவது செத்தது. ஒவ்வொரு கதைக்கும் ஒரு சீட்டு: யார் சொல்வது, எங்கே நடப்பது, எத்தனை பக்கம், எப்படி முடிவது. தரையில் பரப்பி மாற்றி மாற்றிப் பாருங்கள். மிக நீளமான கதையை முதலில் வைக்காதீர்கள்.

பக்கக் கணக்கைக் கடைசியில் போடுவது

டெம்மி பக்கத்தில், எழுத்துருவையும் வரி இடைவெளியையும் பொறுத்து, 200 முதல் 250 சொல் பிடிக்கும். சராசரி 2,000 சொல் கொண்ட 22 கதைகள் 200 பக்கத்தைத் தொடும். முன்பக்கங்கள், ஆசிரியர் குறிப்புகள் சேர்த்தால் 14 பாரம். இதைத் தேர்வின்போதே போட்டுப் பார்த்தால், அச்சுக்குப் போகும் வாரத்தில் ஒரு கதையை வெட்ட வேண்டி வராது.

முன்னுரையில் கதைச் சுருக்கம்

முடிவைச் சொல்லிவிட்டுக் கதையைப் படிக்கச் சொல்லாதீர்கள்.

தொகுப்பாளரின் சொந்தக் கதை

வேண்டாம்.

ஆசிரியர் குறிப்பு

50 சொல். விருதுப் பட்டியல் வந்தால் வெட்டுங்கள்.

சன்மானத்தை ‘பிறகு பார்க்கலாம்’ என்பது

விற்பனை விலையில் 10 சதவீதம் ராயல்டி என்று வைத்து, தொகுப்பாளருக்கு 3 போக மிச்சத்தை 22 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 0.32 சதவீதம்கூட வராது. அதை ஆண்டுதோறும் கணக்கெழுதி அனுப்புவது நடக்காத காரியம். தொகை சிறியதானாலும் ஒரே தடவையில், வெளியீட்டுக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. ஆசிரியர் பிரதிகளையும் எண்ணிக்கொள்ளுங்கள்: ஆளுக்கு 2 என்றாலும் 44, 300 பிரதி அச்சிட்டால் ஏழில் ஒரு பங்கு. அந்த 44 பிரதிகளும் விற்பனைக்கு முன்னால் தபாலில் போக வேண்டும், முகவரிகளை அனுமதிக் கடிதத்திலேயே கேட்டு வாங்கியிருந்தால் அது அரை நாள் வேலை.