பைக் ஹேண்டில் நடுவில் 'பிடிக்கிறதா'? கடற்கரை ஊர்க்காரர்களுக்கான கோன் செட் செய்முறை

ஆடி மாதம் பாம்பன் பாலத்தில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும், கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) பக்கவாட்டில் எப்படித் தள்ளும் என்று. அந்தத் தள்ளலில் வண்டி சாயும்போது ஹேண்டில் தானாகவே இம்மியளவு திரும்பி, வண்டியை நிமிர்த்திவிடும். நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஹேண்டிலை லேசாகத் திரும்ப வைக்கும் பேரிங்தான் கோன் செட். அது கெட்ட வண்டியில் இது நடக்காது. ஹேண்டில் நடுவில் ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்று தள்ளத் தள்ள நாம்தான் கையால் இழுத்து இழுத்து நேராக்க வேண்டும். "காத்துல வண்டி நிக்க மாட்டேங்குது" என்று சொல்பவர்களின் வண்டியை வாங்கிப் பார்த்தால், பாதிக்கு மேல் இந்தக் கோளாறுதான்.

ஸ்ப்ளெண்டர், பிளாட்டினா, ஸ்டார் சிட்டி மாதிரி சாதாரண பைக்குகளை மனதில் வைத்து எழுதுகிறேன். எக்ஸ்எல் மொபெட்டுக்கும் அடிப்படை இதேதான். கழற்றும் வரிசை மட்டும் கொஞ்சம் மாறும்.

நம்ம பக்கம் ஏன் சீக்கிரம் போகிறது

கோன் செட் என்பது ஃபிரேமின் ஹெட் பைப்பில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கப்பு, அவற்றுக்கு இணையான கோன், இடையில் பால்ரஸ் குண்டுகள். அவ்வளவுதான். கீழ் ஜோடிதான் முதலில் போகும். பள்ளத்தில் விழும் அடி முழுவதையும் வாங்குவது அது. முன் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரும் மணலும் நேராகப் போவதும் அங்கேதான்.

2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு எல்லோரும் பைக்கிலேயே போய்விட்டு வருகிறோம். இரண்டு பக்கமும் கடல், ரோட்டின் மேல் ஊதி வந்து கிடக்கும் மணல், காற்றில் உப்புச் சாரல். வீட்டுக்கு வந்ததும் வண்டியைக் கழுவுகிறோம், ஆனால் எந்தத் தண்ணீரில்? கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று பல இடங்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதைப் பம்பு வைத்துப் பீச்சினால் உப்பை நாமே உள்ளே ஏற்றுகிற மாதிரிதான். குடிக்க வரும் நல்ல தண்ணீரை வண்டிக்கு ஊற்றச் சொல்ல எனக்கும் மனசு வராது. அரை வாளி போதும். துணியை நனைத்துப் பிழிந்து, முன் ஃபோர்க், ஹெட் பைப்பின் அடிப்பக்கம், பிரேக் தட்டு ஆகியவற்றைத் துடைத்தெடுங்கள். பீச்சியடிக்கும் வாட்டர் வாஷ் முன்பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம்.

கிரீஸ் போய் உப்பு ஏறியதும் குண்டு உட்காரும் பாதையில் துரு பிடிக்கிறது. நாம் ஓட்டுவது பெரும்பாலும் நேராகத்தான் என்பதால் குண்டுகள் எப்போதும் ஒரே இடத்திலேயே நின்று அடி வாங்குகின்றன. கோனைக் கழற்றிப் பார்த்தால் வட்டமாக வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். ஹேண்டில் நேராக இருக்கும்போது ஒவ்வொரு குண்டும் ஒரு குழியில் இறங்கிவிடுகிறது. நடுவில் 'பிடிப்பது' அதனால்தான்.

குழி விழுந்த கோன் செட்டை டைட் வைத்துச் சரிசெய்ய முடியாது. டைட் வைத்தால் 'டக் டக்' சத்தம் நிற்கும், பிடிப்பு இன்னும் மோசமாகும். ஒர்க்‌ஷாப்பில் இரண்டு நிமிடத்தில் நட்டை முறுக்கிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

கழற்றும் முன் கண்டுபிடியுங்கள்

காற்றடைப்பு, டயர் தேய்மானம், ஸ்போக் இளக்கம் இவற்றை முதலில் பாருங்கள், விளக்க வேண்டியதில்லை. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் செயின் அட்ஜஸ்டர் கோடு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பின்னால் போய்ப் பாருங்கள். பின் சக்கரம் கோணலாக இருந்தால் குற்றம் ஹேண்டில் மேல் விழும்.

மீன் பெட்டி கட்டி ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஐஸோடு பெட்டி பின் அச்சுக்கும் பின்னால் தொங்கினால் முன்பக்கம் லேசாகிவிடும். வேகத்தில் ஹேண்டில் உதறும். பெட்டியை இறக்கிவிட்டு அதே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். உதறல் போய்விட்டால் கோன் செட்டைத் தொடவேண்டாம். பெட்டியை சீட்டை ஒட்டி முன்னால் தள்ளிக் கட்டுங்கள்.

இனி சோதனை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, கேரியரில் ஒரு மணல் மூட்டையை வையுங்கள். முன் சக்கரம் அந்தரத்தில் தூக்கும்.

வண்டிக்கு எதிரே உட்கார்ந்து ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் அடியில் பிடித்து, முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். ஆட்டம் தெரிந்தால் அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. கூட இருப்பவரை ஹெட் பைப்பின் அடிவிளிம்பும் ஃபோர்க்கைத் தாங்கும் 'டி'யும் சேரும் இடத்தில் விரலை வைக்கச் சொல்லுங்கள். விரலுக்கு அடியில் 'டிக்' என்று தட்டினால் கோன் செட். ஃபோர்க்கின் பளபளப்பான குழாய் அடிக்காலுக்குள் நுழையும் இடத்தில் தட்டினால் ஃபோர்க் தேய்மானம். ஃபோர்க்கை அசையாமல் பிடித்து, சக்கரத்தை மட்டும் பக்கவாட்டில் ஆட்டும்போது ஆடினால் வீல் பேரிங். டிரம் பிரேக் வண்டியில் இன்னொன்றும் உண்டு: பிரேக் தட்டில் உள்ள காடி ஃபோர்க் காலில் மாட்டும் இடம் தேய்ந்திருந்தால், முன் பிரேக் பிடிக்கும்போது அச்சு அசலாகக் கோன் செட் மாதிரியே 'டக்' என்று சத்தம் வரும்.

அடுத்து ஒரே ஒரு விரலால் ஹேண்டில் நுனியைத் தொட்டு, மிக மெதுவாக இடமிருந்து வலம் திருப்புங்கள். நடுவில் தடங்கினால், விட்டதும் நடுவிலேயே நின்றுகொண்டால், சந்தேகமே வேண்டாம். செட்டாக மாற்றத்தான் வேண்டும். தடங்கல் இல்லாமல் ஆட்டம் மட்டும் இருந்தால் கழற்றிக் கழுவிக் கிரீஸ் வைத்தாலே போதும்.

சாமான்கள்

ரிங் ஸ்பேனர் செட், பெரிய பாக்ஸ் ஸ்பேனர், சி ஸ்பேனர் (வளைய நட்டின் காடியில் கொக்கி மாதிரி மாட்டித் திருப்புவது), சுத்தி, நீளமான இரும்புக் கம்பி, மெல்லிய உளி, டீசல், பிரஷ், பழைய வேட்டித் துணி. சி ஸ்பேனருக்குப் பதில் உளியையும் சுத்தியையும் வைத்து வளைய நட்டைத் தட்டுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. நட்டின் காடி நசுங்கிவிடும், அட்ஜஸ்ட்மென்ட்டும் கைக்குப் பிடிபடாது. சி ஸ்பேனர் ஒன்று வாங்கினால் ஆயுசுக்கும் வரும்.

கோன் செட்டை வண்டிக் கம்பெனியின் ஒரிஜினலாகவே வாங்குங்கள். விலை மலிவான செட்டில் இரும்பின் கடினம் குறைவு, குழி சீக்கிரம் விழும். கிரீஸில் கஞ்சத்தனம் வேண்டாம். சைக்கிளுக்குப் போடும் மஞ்சள் கிரீஸ் உப்புத் தண்ணீரில் நிற்காது. உப்பு நீரைத் தாங்கும் மெரைன் கிரீஸ் கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு. படகு இன்ஜின் சாமான் விற்கும் கடைகளில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் நல்ல லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ். பழைய கிரீஸை முழுக்கக் கழுவி எடுக்காமல் புதிதை அதன்மேல் அப்ப வேண்டாம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இளகி ஒழுகிவிடும்.

கழற்றுவது

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஹேண்டிலுக்கு நடுவில் உள்ள பெரிய மேல் நட்டை ஒரு சுற்று இளக்கிவிடுங்கள். வண்டியைத் தூக்கிய பிறகு அதோடு மல்லுக்கட்டினால் வண்டி ஸ்டாண்டிலிருந்து இறங்கிவிடும். கேபிள், ஒயர் போகும் வழியைப் போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு முன் சக்கரம், மட்கார்டு, ஹெட்லைட், ஹேண்டில், இரண்டு ஃபோர்க் கால்கள், மேல் தட்டு. டிஸ்க் பிரேக் வண்டியில் கேலிப்பரைக் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸ் மேல் பாரம் விழக்கூடாது. டிஸ்க் வெளியே இருக்கும்போது பிரேக் லீவரை யாரும் அமுக்கக்கூடாது.

தரையில் வெள்ளைத் துணியை விரித்துவிட்டு, மேல் தட்டுக்கு அடியில் இருந்த வளைய நட்டை சி ஸ்பேனரால் கழற்றுங்கள். ஒரு கையால் 'டி'யைத் தாங்கிப் பிடித்தபடி மெதுவாகக் கீழே இறக்குங்கள். குண்டுகள் உதிரும். மேல் குண்டுகளையும் கீழ்க் குண்டுகளையும் கலக்காமல் தனித்தனியாக எண்ணி வையுங்கள். சில வண்டிகளில் இரண்டுக்கும் அளவு வேறு.

கீழ்க் கோன்: பொறுமை வேண்டிய இடம்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்த வேலைதான். 'டி'யின் தண்டில் அடிக்கோன் இறுக்கமாக ஏறி உட்கார்ந்திருக்கும். நம் ஊர் வண்டியில் அதன் அடியில் உள்ள ரப்பர் சீல் மக்கிப்போய், உப்புத் துரு சிமெண்ட் போட்டது போல அதைப் பிடித்து வைத்திருக்கும்.

துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஒரு இரவு விட்டுவிடுங்கள். காலையில் மெல்லிய உளியைக் கோனுக்கும் 'டி'க்கும் நடுவே வைத்து இடப்பக்கம் ஒரு தட்டு, வலப்பக்கம் ஒரு தட்டு. ஒரே பக்கம் அடித்தால் கோன் சாய்ந்து தண்டைக் கீறிவிடும். மயிரிழை இடைவெளி தெரிந்ததும் இன்னொரு முறை ஸ்பிரே அடித்து, பிறகு தடித்த உளிக்கு மாறுங்கள். வெளியே வந்த பிறகு தண்டை எமெரித் தாளால் துடைத்து, துரு இல்லாமல் செய்துவிட்டு, புது ரப்பர் சீலை மறக்காமல் முதலில் போடுங்கள். கடற்கரை வண்டிக்கு அந்தச் சின்ன ரப்பர்தான் கதவு.

புதுக் கோனை ஏற்றும்போது குண்டு ஓடும் பாதையில் சுத்தி படவே கூடாது. பழைய கோனைக் கவிழ்த்துப் புதுக் கோனின் மேல் வைத்து, தண்டைச் சுற்றி இறங்கும் அளவுள்ள இரும்புக் குழாயை அதன்மேல் நிறுத்தி, குழாயின் தலையில் அடியுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். கோன் இறங்கிக்கொண்டிருக்கும்போது சத்தம் மந்தமாக இருக்கும். அடிவரை போய் உட்கார்ந்ததும் 'ணங்' என்று கெட்டியாக மாறும், கையில் குழாய் எகிறும். அந்தச் சத்தம் வரும்வரை நிறுத்தாதீர்கள். பாதியில் விட்டால் அட்ஜஸ்ட் செய்யும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சில நாள் ஓட்டியதும் கோன் மிச்சத் தூரத்தையும் இறங்கி, மறுபடி ஆட்டம் கொடுக்கும். பழைய கோன் தண்டில் சிக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெட் பைப்பின் கப்புகளை எடுப்பது இதைவிட எளிது. நீளக் கம்பியை எதிர்ப்பக்கத்திலிருந்து விட்டு, உள்விளிம்பில் மாறி மாறித் தட்டினால் விழுந்துவிடும். புதுக் கப்பை முந்தின இரவே பாலிதீன் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் அணுவளவு சுருங்கும், நேராக இறங்கும். நான் சுத்தியைவிட நீள போல்ட் முறையைத்தான் நம்புகிறேன்: ஹெட் பைப் வழியாக நீளமான போல்ட்டை விட்டு, இரண்டு முனையிலும் தடித்த வாஷர் வைத்து நட்டை முறுக்கினால் கப்பு கோணாமல் உள்ளே போகும்.

குண்டும் கிரீஸும்

கப்பில் கிரீஸைத் தாராளமாக அப்பிக் குண்டுகளை அதில் பதியுங்கள். பாக்கெட்டில் வந்த எண்ணிக்கைதான் கணக்கு. கடைசியில் கொஞ்சம் இடைவெளி மிஞ்சும்; அங்கே இன்னொரு குண்டைத் திணிக்காதீர்கள், உரசிக்கொண்டு ஓடாது. எல்லாம் மாட்டிய பிறகு கீழ் ஜோடியின் வெளிவிளிம்பைச் சுற்றியும் விரலால் ஒரு கிரீஸ் வளையம் இடுங்கள். பார்க்க அழுக்காகத் தெரியும். உப்பும் மணலும் அதில்தான் ஒட்டும், உள்ளே போகாது.

அட்ஜஸ்ட்மென்ட்

வளைய நட்டைச் சற்றுக் கூடுதலாகவே இறுக்குங்கள். 'டி'யை இரண்டு ஓரத்துக்கும் பலமுறை திருப்பிவிட்டு நட்டை இளக்குங்கள். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஆட்டம் நின்ற அந்த இடத்தில் நிறுத்துங்கள். மேல் தட்டை வைத்துப் பெரிய நட்டை முறுக்கும்போது இந்த அட்ஜஸ்ட்மென்ட் மாறிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அதனால் மேல் தட்டில் ஃபோர்க்கைக் கவ்வும் போல்ட்டுகளை அதுவரை இளக்கமாகவே விட்டு, முதலில் நடு நட்டு, பிறகு சோதனை, கடைசியில்தான் அந்தப் போல்ட்டுகள்.

எல்லாம் மாட்டிச் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது ஹேண்டிலை நடுவிலிருந்து லேசாகத் தட்டிவிட்டால், அது தன் பாரத்திலேயே ஓரம்வரை போய் விழ வேண்டும். இரண்டு பக்கமும். அதே சமயம் ஃபோர்க் காலைத் தள்ளி இழுத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் வேலை முடிந்தது. அச்சு நட்டை இறுக்கும் முன் வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நாலு தடவை அமுக்கி விடுங்கள், கால்கள் நேராக உட்காரும். தெருவில் மெதுவாக ஓட்டி, பிரேக் பார்த்துவிட்டு, அதன் பிறகு மெயின் ரோடு. ஒரு வாரம் ஓடியதும் மறுபடி ஆட்டம் பாருங்கள்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மீன் ஏற்றும் வண்டிகளுக்கு ஓட்டம் குறைவு. வருடா வருடம் அந்த 61 நாளுக்குள் ஒருமுறை திறந்து கிரீஸ் மாற்றிவிட்டால், கச்சான் தொடங்கும்போது வண்டி தயாராக இருக்கும்.

பிறகு சேர்த்தது

தொண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர், புது கோன் செட் போட்டும் ஹேண்டில் இடப்பக்கம் மட்டும் விழ மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார். கிளட்ச் கேபிள் ஹெட்லைட்டுக்குப் பின்னால் இழுபட்டு நின்றிருக்கிறது. அட்ஜஸ்ட்மென்ட்டைத் தொடும் முன் கேபிளையும் ஒயர் கட்டையும் விலக்கிவிட்டுச் சோதியுங்கள். படம் எடுக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

ஃபோர்க் ஆயில் சீல் மாற்றிய கொஞ்ச நாளிலேயே மறுபடி ஒழுகுகிறது என்று பலர் கேட்டார்கள். சீலைக் குறை சொல்லும் முன் பளபளப்பான குழாயின் மேல் கொஞ்சம் பஞ்சை வைத்து மேலும் கீழும் இழுங்கள். எங்காவது நார் சிக்கினால் அங்கே உப்பு அரித்துக் குழி விழுந்திருக்கிறது. எந்த சீல் போட்டாலும் அது கிழித்துவிடும். சீல் ஓடும் பகுதிக்கு மேலே, எட்டாத இடத்தில் குழி இருந்தால் கவலையில்லை. ஓடும் பகுதியில் இருந்தால் குழாயைத்தான் மாற்ற வேண்டும். ஆயில் அளவு வண்டிக்கு வண்டி வேறு, புத்தகத்தைப் பார்த்து இரண்டு காலிலும் ஒரே அளவு ஊற்றுங்கள்.