டவரைச் சொல்லும் முன் கார் சாவியைக் கொடுங்கள்

நாலு பேர் சேர்ந்து பியர் உணவகத்தில் உட்கார்ந்தால் முதலில் வாயில் வருவது, "ஒரு டவர் சொல்லு." மேசைக்கு வரும், அடியில் குழாய் வைத்த உயரமான பியர் கலன்தான் டவர், பெரும்பாலும் 3 லிட்டர். விலைக்கு லாபமாகத் தெரியும். கோலாலம்பூர் வெக்கையில் பாதி முடிவதற்குள் மீதி சூடாகி, கேஸ் போய், சவசவ என்று ஆகிவிடும்.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. போன மாதம் பங்சாரில் பார்த்தேன். என் மச்சானின் கிளாஸ் ஒரு தடவைகூடக் காலியாகவில்லை. பாதி இறங்கியதுமே பக்கத்தில் இருப்பவர் ஊற்றிவிடுகிறார். நம் உபசரிப்பு அப்படி. எத்தனை குடித்தோம் என்று கடைசியில் அவருக்கே தெரியவில்லை. தனித்தனி கிளாஸாக வாங்குங்கள், அது காலியான பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள்.

"நுரை இல்லாம ஊத்து" என்று கேட்பதும் வேண்டாம். இரண்டு விரல் நுரை ஏமாற்று இல்லை, பியரின் மணம் அதில்தான் ஏறி வரும். கறுப்பு பியர்தான் கடுமை என்ற நம்பிக்கையும் தவறு. நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருவது. கறுப்பான கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான், பார்க்கப் பொன்னிறமாக இருக்கும் பெல்ஜிய டுவெல் 8.5. பெயருக்குப் பக்கத்தில் உள்ள சதவீத எண்ணைப் பாருங்கள்.

வெறும் வயிற்றில் ஆரம்பிக்காதீர்கள். பன்றிக் கால் வறுவல் வர நேரமாகும், ஒரு தட்டு இரண்டு மூன்று பேருக்குப் போதும். அதனால் உட்கார்ந்ததும் அதைச் சொல்லிவிடுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் சாசேஜை மட்டும் விசாரித்தால் போதாது. குழம்பு மாட்டெலும்புச் சாற்றில் செய்ததா என்றும் கேளுங்கள். நாங்கள் ஒருமுறை கேட்காமல் விட்டு, பாதித் தட்டில் தெரிந்தபோது அம்மா கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

மெனுவில் விலைக்குப் பின் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 சதவீத சேவைக் கட்டணமும் 6 சதவீத சேவை வரியும் சேரும். 40 வெள்ளி (ரிங்கிட்) சுமார் 46 ஆகும். அப்புறம், பதினெட்டு முடிந்த தம்பிக்கு "ஒரு வாய்" கொடுக்காதீர்கள். மலேசியாவில் 2017 டிசம்பரிலிருந்து மதுவுக்கு வயது வரம்பு 21.

இனி கார். "ரெண்டு கிளாஸ்தானே, ஓட்டிடுவேன்" என்பதுதான் எனக்கு அதிகப் பயம் தரும் பேச்சு. 2020 அக்டோபரிலிருந்து 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம்தான் வரம்பு, முன்பு 80. முதல் தடவை பிடிபட்டாலே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, லைசென்ஸும் போகும். 5 சதவீத பியர் 500 மில்லியில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. உடல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். ஒரு கிளாஸுக்கே இரண்டு முதல் மூன்று மணி நேரம் போல ஆகிறது. மாமாக் கடையில் தே தாரிக் (ஆற்றிய பால் டீ) குடித்தால் தூக்கம் கலையும், ரத்தத்தில் இருப்பது இறங்காது.

அன்று மச்சானும் அதைத்தான் சொன்னார், "ஒரு தே போட்டா தெளிஞ்சிடும்." தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. மேசை மேல் இருந்த சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கிராப் வாடகைக் கார் கூப்பிட்டாள். எங்கள் கார் இரவு முழுக்க அங்கேயே நின்றது. காலையில் பார்க்கிங் காசைக் கட்டி எடுத்து வந்தோம்.