உப்புக் காற்றில் நிற்கும் பழைய வீட்டை வாடகைக்குத் தயார் செய்தல்

கடற்கரைக்கு அருகே பழைய வீடு ஒன்று கையில் இருக்கிறது, அதைப் புதுப்பித்து வார இறுதி விருந்தினர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று திட்டமிடுபவர்கள், சிங்கப்பூரைப் பொறுத்தவரை, அந்தத் திட்டத்தை முதலிலேயே கைவிட வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீட்டை ஆறு மாதத்திற்குக் குறைவாகவும், தனியார் வீட்டைத் தொடர்ந்து மூன்று மாதத்திற்குக் குறைவாகவும் வாடகைக்கு விட இங்கே அனுமதியில்லை. இந்த ஒரு விதி புதுப்பிப்புப் பணியின் போக்கையே தீர்மானிக்கிறது. இரண்டு நாள் தங்கிப் போகிறவர் படத்தில் அழகாகத் தெரியும் கூடத்தைத் தேடுவார். ஓராண்டோ ஈராண்டோ குடியிருக்கப் போகிறவருக்குக் கசியாத குளியலறையும், துருப்பிடிக்காத சன்னலும், தாராளமாகச் சமைக்கக்கூடிய அடுப்படியும் வேண்டும். அவரை மனத்தில் வைத்துத்தான் ஒவ்வொரு வெள்ளியையும் செலவிட வேண்டும்.

நான் எழுதுவது மரின் பரேட்டில் உள்ள எங்கள் நாலறை வீட்டைப் புதுப்பித்த அனுபவத்திலிருந்து. 1966இல் தொடங்கிய ஈஸ்ட் கோஸ்ட் நில மீட்புப் பணிக்கு முன்பு இந்த இடம் கடலாக இருந்தது. காத்தோங்கின் பழைய பங்களாக்களின் பின்வாசலில் அலையடித்த காலம் அது. மீட்ட நிலத்தில் 1970களில் எழுந்த அடுக்குமாடிகள் இவை. 2024 ஜூனில் மரின் பரேட் எம்ஆர்டி ரயில் நிலையம் திறந்த பிறகு வாடகைக்கு வீடு தேடி வருபவர்களுக்கு இந்த வட்டாரம் இன்னும் வசதியாகிவிட்டது. ஆனால் ஐம்பது ஆண்டுகளாக உப்புக் காற்றை வாங்கிக்கொண்டு நிற்கும் கட்டடம் என்பதை ஒரு நாளும் மறக்கக்கூடாது.

ஆகவே வண்ணமும் அலமாரியும் பற்றிப் பேசுவதற்கு முன்னால், ஒரு சிறிய சுத்தியலும் ஏணியும் எடுத்துக்கொண்டு எல்லா அறைகளின் கூரையையும் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடத்தில் ஒலி கணீரென்று இருக்கும். உள்ளே பிரிந்துவிட்ட இடத்தில் பொத்தென்று கேட்கும். கட்டுமானக் குத்தகையாளர்கள் ‘ஸ்பாலிங்’ என்று சொல்லும் காங்கிரீட் பெயர்தலின் தொடக்கம் அது. புதிய காங்கிரீட்டில் உள்ள காரத்தன்மை உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றில் உள்ள கரியமில வாயு பல பத்தாண்டுகளாக உள்ளே ஊறும்போது அந்தக் காரம் குறைந்து, ஈரம் சேர்ந்ததும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பருமனானது என்பதால் அது காங்கிரீட்டைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. கடலோரத்தில் உப்பும் சேர்ந்து இதை விரைவுபடுத்துகிறது. குளியலறையிலும் சமையலறையிலும் ஈரம் அதிகம் என்பதால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும்.

இதைச் சிமெண்ட் பூசி மறைத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தளர்ந்த பகுதி முழுவதையும் கொத்தி எடுத்து, துருப்பிடித்த கம்பியின் பின்புறமும் தெரியும்படி திறந்து, கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, அதன் பிறகே பாலிமர் கலந்த பழுதுநீக்கச் சாந்தை அடுக்கடுக்காக அழுத்திப் பூச வேண்டும். கூரை ஈரமாக இருந்தால் மேல்வீட்டுத் தரையிலிருந்து கசிகிறதா என்று முதலில் கண்டறிய வேண்டும். அந்தப் பழுதுக்கு மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்தே பொறுப்பு என்பதால், நல்ல முறையில் கதவைத் தட்டிப் பேசித் தீர்த்துக்கொள்வதுதான் சிறந்த வழி. வாடகைதாரரின் கட்டிலுக்கு மேலே பெயர்ந்து விழக்கூடிய ஒன்றை அறிந்தே வண்ணத்துக்குள் ஒளித்து வைப்பது தவறு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அடுத்தது உலோகம். வெளிப்புறமாகத் திறக்கும் பழைய சன்னல்களில் அலுமினிய ரிவெட் இருந்தால் அவற்றைத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டாக மாற்ற வேண்டும் என்பது 2004 அக்டோபர் முதல் சட்டப்படி கட்டாயம். இந்த வேலையை அங்கீகாரம் பெற்ற சன்னல் குத்தகையாளரிடமே கொடுக்க வேண்டும். எஃகிலும் தரம் பார்க்க வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 304 ரகம். மாலிப்டினம் கலந்த 316 ரகமே உப்புக் காற்றைக் கூடுதலாகத் தாங்கும். எங்கள் வீட்டில் சன்னல் கம்பியும் கீலும் தரமானவையாக இருந்தும், அவற்றைப் பிடித்திருந்த திருகாணிகளை எங்கள் குத்தகையாளர் மலிவான துத்தநாகப் பூச்சில் போட்டுவிட்டார். சில மாதங்களிலேயே புதுச் சுவரில் பழுப்புக் கோடுகள் வழிந்தன. அன்று முதல் ஒப்பந்தத்தில் ‘திருகாணி உட்பட 316’ என்று எழுதி வாங்குவதை எல்லாரிடமும் வற்புறுத்துகிறேன்.

மின்சார வேலைக்கு உரிமம் பெற்ற மின்பணியாளரையும், குழாய், எரிவாயு வேலைகளுக்கு அவற்றுக்குரிய உரிமம் பெற்றவர்களையும் அழைப்பது கட்டாயம். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவி 2025 ஜூலை 1க்குள் எல்லா வீடுகளிலும் இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டதால், பழைய மின்பெட்டியைத் திறந்து அது இருக்கிறதா என்று பாருங்கள்.

குளியலறைத் தரையைக் கொத்தி எடுத்தால் நீர்க்காப்புப் படலத்தைப் புதிதாகப் போட்டு, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதித்த பிறகே ஓடு பதிக்க விடுங்கள்.

சமையலறைக்கு வருவோம், நான் அதிகம் கவலைப்பட்ட இடம் இதுதான். வாடகை விளம்பரங்களில் ‘இலேசான சமையல் மட்டும்’ என்ற வரியைப் படித்துப் படித்து, அந்த வரி யாரை வாசலில் நிறுத்துகிறது என்று நம்மவர் எல்லாருக்கும் தெரியும். மீன் குழம்பு கொதிப்பதும் கடுகு தாளிப்பதும் வீட்டுக்குக் கேடல்ல. அதற்கேற்பக் கட்டாத அடுப்படிதான் கேடு. அடுப்புக்குப் பின்னால் கூரைவரை ஓடு பதியுங்கள். மஞ்சள் கறை ஊறாமல் இருக்க ஓடுகளின் இடுக்குகளை எப்பாக்சி என்னும் பிசின் சாந்தால் அடையுங்கள். வெளிச்சுவர் வழியாகப் புகையை வெளியேற்ற வீவக அனுமதி கிடைக்காவிட்டால், கழற்றிக் கழுவக்கூடிய உலோக வடிகட்டி கொண்ட புகையுறிஞ்சியைப் பொருத்துங்கள். அலமாரிகளை ஒட்டுப்பலகையில் செய்யுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை இந்த ஈரப்பதத்தில் ஊதிவிடும். இவ்வளவையும் செய்துவிட்டால் விளம்பரத்தில் ‘சமைக்கலாம்’ என்று மனநிறைவோடு எழுதலாம்.

வீவக வீடாக இருந்தால் கழகத்தின் பட்டியலில் உள்ள புதுப்பிப்புக் குத்தகையாளரையே அமர்த்தி, அவர் மூலம் அனுமதி பெற வேண்டும். கொத்துவது, துளையிடுவது போன்ற இரைச்சலான வேலைகளை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே செய்யலாம், சனிக்கிழமைகளில் கூடாது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பூச்சும் வண்ணமும் காயாமல் வேலை இழுத்துக்கொண்டே போகும் என்பதால், இயன்றால் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

வீவக வீட்டை முழுவதுமாக வாடகைக்கு விடச் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டுமே அனுமதியுண்டு. சொந்தக்காரர் தாமே அங்கு வசித்தாக வேண்டிய குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமும் முடிந்திருக்க வேண்டும். வாடகைக் காலம் தொடங்குவதற்கு முன்பே வீவக ஒப்புதலைப் பெற்று, குடிவருபவரின் கடப்பிதழையும் வேலை அனுமதியையும் மூலப் பிரதியில் நேரில் பாருங்கள். நான்காண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு முத்திரை வரி. சிங்கப்பூரில் கையெழுத்திட்டால் 14 நாள்களுக்குள் வாடகைதாரர் கட்ட வேண்டும். சொந்தக்காரர் குடியிருப்பதற்கான சொத்துவரிச் சலுகை உங்களுக்குப் போய்விடும். ஆண்டு மதிப்பின், அதாவது அந்த வீட்டுக்கு ஓராண்டில் கிடைக்கக்கூடிய வாடகையாக மதிப்பிடப்படும் தொகையின், முதல் 30,000 வெள்ளிக்கு 12 விழுக்காடு கட்ட நேரும். வருமான வரியில் மொத்த வாடகையின் 15 விழுக்காட்டைச் செலவாகக் காட்டலாம், வீட்டுக் கடன் வட்டியைத் தனியாகக் கழிக்கலாம். ஆனால் முதல்முறை வாடகைக்கு விடுவதற்கு முன் செய்த புதுப்பிப்புச் செலவைக் கழிக்க முடியாது. வாடகையைக் கணக்கிடும்போது இதைச் சேர்த்துப் பாருங்கள்.

சாவியைக் கொடுக்கும் நாளில் அவசரப்படாதீர்கள். அறை அறையாக இருவரும் சேர்ந்து நடந்து படமெடுத்துக்கொள்ளுங்கள். கடல் பக்கச் சன்னல்களின் கீல்களை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவைக்கும்படி செய்து காட்டுங்கள். மழைக்காலத்தில் சாரல் அடிக்கும் சன்னல் எது, அதை எந்தக் கொக்கி வரை சாத்த வேண்டும் என்பதையும் அவர் கையாலேயே ஒருமுறை சாத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.