டிஎன்ஏவைப் பிரித்துப் படிக்கும்போது அது ஏன் அறுந்துபோவதில்லை? கயிற்றை வைத்துச் செய்து பார்க்கலாம்

பிளஸ் டூ படிக்கும் அக்கா மகள் போன மாதம் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, டிஎன்ஏ அவ்வளவு முக்கியம்னா செல் அதை எதுக்கு நாள் முழுக்கப் பிரிச்சுப் பிரிச்சுப் படிக்குது? கெட்டுப்போகாதா?"

கெட்டுப்போகும். படியெடுத்தல் என்று நாம் மனப்பாடம் செய்கிற வேலை, அதாவது டிஎன்ஏவில் ஒரு இடத்தைத் திறந்து அதைப் பார்த்து ஆர்என்ஏ நகல் எழுதுவது, உண்மையில் ஆபத்தான வேலை. வெயிலும் புகையும் கெடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், படிக்கிற செயலே கெடுக்கும். இதை வாயால் சொல்லிப் பார்த்தேன், அவளுக்கு ஏறவில்லை. அப்புறம்தான் கயிற்றை எடுத்தேன்.

வேண்டியவை: இரண்டு புரியாக முறுக்கிய தேங்காய் நார்க் கயிறு இரண்டு மீட்டர், வழவழப்பான ஒரு குச்சி, சிவப்பு நூல், கொஞ்சம் மஞ்சள் தூள். கயிறு நான் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கினேன். மூன்று புரிக் கயிற்றைத் தலையில் கட்டிவிடுவார்கள், பிரித்துப் பார்த்து வாங்குங்கள். நைலான் வேண்டாம், வழுக்கும். ஒரு மனித செல்லில் உள்ள டிஎன்ஏவை எல்லாம் நீட்டி வைத்தாலும் ஏறக்குறைய இதே இரண்டு மீட்டர்தான் வரும்.

1. கயிற்றைக் கட்டுங்கள்

இரண்டு முனைகளையும் எதிரெதிர் ஜன்னல் கம்பிகளில் இறுக்கிக் கட்டுங்கள். முனை சுழலக் கூடாது, அதுதான் முக்கியம். செல்லுக்குள்ளும் டிஎன்ஏ மிக நீளமானது, மடிந்து ஆங்காங்கே பிடிபட்டுக் கிடப்பது, நினைத்தபடி சுழன்று கொடுக்காது. ஒரு புரிக்கு மட்டும் ஈர மஞ்சள் பூசிவிடுங்கள். அதுதான் படிக்கப்படும் இழை.

2. குச்சியைச் செருகித் தள்ளுங்கள்

நடுவில் புரிகளுக்கு இடையே குச்சியைச் செருகினால் சின்னதாக ஒரு வாய் திறக்கும். குச்சிதான் நகல் எழுதுகிற ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி. டிஎன்ஏ இழையில் வரிசையாகக் கோத்திருக்கும் வேதி அலகுகளை எழுத்து என்று வைத்துக்கொண்டால், நிஜத்தில் இந்தத் திறப்பு பன்னிரண்டு பதினைந்து எழுத்து அகலம்தான்.

இப்போது குச்சியைச் சுழற்றாமல் வலது பக்கம் தள்ளுங்கள். நாலு விரல் தூரம் போவதற்குள் முன்னால் உள்ள முறுக்கு நெருங்கி இறுகும், பின்னால் கயிறு தளர்ந்து தொங்கும். நான் முரட்டுத்தனமாகத் தள்ளியதில் கயிறு சுருண்டு முண்டு முண்டாக எழுந்து, குச்சியே சிக்கிக்கொண்டது. செல்லுக்கும் இதே தலைவலிதான், ஆனால் வேகம் பயங்கரம்: பாலிமரேஸ் நிமிடத்துக்குச் சுமார் 2000 எழுத்துகள் ஓடுகிறது, டிஎன்ஏவில் பத்தரை எழுத்துக்கு ஒரு முறுக்கு, ஆகவே ஒவ்வொரு நிமிடமும் 190 முறுக்குகள் முன்னால் போய்ச் சேர்கின்றன.

3. முறுக்கைக் கழற்றுங்கள்

வலது முனையை அவிழ்த்து, தானாகச் சுழலவிட்டு, மறுபடி கட்டுங்கள். குச்சி லேசாக நகரும்.

செல் முனையை அவிழ்ப்பதில்லை, அதற்கு முனை எட்டாது. டோபோஐசோமரேஸ் ஒன்று என்ற நொதி நடுவிலேயே ஒரு இழையை மட்டும் வெட்டும். வெட்டிய முனையைத் தன்னோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டே, டிஎன்ஏவை முறுக்கு தளரும்வரை சுழலவிட்டு, திரும்பச் சேர்த்துவிடும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது, ஏனென்றால் காப்பாற்ற வந்தவனே கத்தியோடு வருகிறான். வெட்டியதும் சேர்ப்பதற்கு முன் அவனைப் பிடித்து நிறுத்தினால் என்ன ஆகும்? சீனாவின் மரம் ஒன்றிலிருந்து எடுத்த கேம்ப்டோதெசின் அதைத்தான் செய்கிறது. வேகமாகப் பெருகும் செல்லில், டிஎன்ஏவை இரட்டிக்க வரும் இயந்திரம் அந்த வெட்டில் வந்து மோத, இரண்டு இழையும் அறுந்துபோகும். அந்தப் பொருளின் வழியில் வந்த ஐரினோடெகான் இன்று குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது.

4. சிவப்பு நூலை மாட்டுங்கள்

நூல்தான் புதிதாக எழுதிய ஆர்என்ஏ. குச்சியின் பின்னால், தளர்ந்த இடத்தில், மஞ்சள் புரியோடு நூலைச் சுற்றுங்கள். மஞ்சள் பூசாத புரி துணையில்லாமல் தனியே தொங்குகிறதா? இதற்கு ஆர் லூப் என்று பெயர். நகல் எழுதி முடித்து வெளியே போக வேண்டிய ஆர்என்ஏ திரும்பி வந்து ஒட்டிக்கொள்வதால் வருகிற வினை. ஒற்றையாய் நிற்கும் இழையில் சைட்டோசின் என்ற எழுத்து, டிஎன்ஏவில் இருக்கக் கூடாத யுராசிலாக மாறிப்போவது, இரட்டை இழையில் இருப்பதைவிடப் பல மடங்கு சுலபம்.

ஒட்டவிடாமல் தடுப்பதுதான் செல்லின் முதல் வழி: ஆர்என்ஏ வெளியே வரவரப் புரதங்கள் அதை மூடிப் பொதிந்து விடுகின்றன. அதையும் மீறி ஒட்டினால், டிஎன்ஏவோடு ஜோடி சேர்ந்த ஆர்என்ஏவை மட்டும் தேடித் தின்கிற ஆர்என்ஏஸ் ஹெச் என்ற நொதி வரும், அல்லது செனடாக்சின் என்ற புரதம் வந்து பிரித்துவிடும். எல்லா ஆர் லூப்பும் கெட்டதும் இல்லை. எதிர்ப்பொருளின் வகையை மாற்றுவதற்கு அதைத் தயாரிக்கும் நம் பி செல்களே வேண்டுமென்று இதைப் பயன்படுத்திக்கொள்கின்றன.

5. ஒரு முடிச்சுப் போடுங்கள்

நூலை அவிழ்த்து, மஞ்சள் புரியில் ஓரிடத்தில் தடிப்பாகச் சுற்றி முடிச்சாக்குங்கள். தக்காளித் தோட்டத்தில் நாள் பூராவும் நிற்பவர் தோலில் புற ஊதா ஒளி பட்டு, பக்கத்துப் பக்கத்தில் உள்ள தைமின் என்ற எழுத்துகள் இரண்டு ஒட்டிக்கொண்ட இடம் அது. இப்போது குச்சியை விட்டுவிடுங்கள், விரலை மஞ்சள் புரியின் மேல் மட்டும் ஓட்டுங்கள். முடிச்சில் விரல் நிற்கும்.

அந்த நிற்பதுதான் எச்சரிக்கை மணி. நின்றுபோன பாலிமரேஸைப் பார்த்ததும் சிஎஸ்பி என்ற புரதம் வந்து பிடிக்கிறது, சிஎஸ்ஏ சேர்கிறது, அப்புறம் ஒரு கூட்டமே வந்து, கெட்ட இடத்தின் இரு பக்கமும் வெட்டிச் சுமார் 30 எழுத்துகளை எடுத்து வீசிவிட்டு, எதிர் இழையைப் பார்த்து நிரப்பி ஒட்டுகிறது. சந்தூர்க்காரர்கள் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசி ஒட்டு சுலபமாகப் புரியும். சிஎஸ்ஏ, சிஎஸ்பி இரண்டில் ஒன்று பழுதானால் காக்கெய்ன் சிண்ட்ரோம் வரும்: குழந்தை வளராது, வெயில் தாங்காது, நரம்பு கெடும்.

6. முடிச்சை இடம் மாற்றுங்கள்

அதே முடிச்சை மஞ்சள் பூசாத புரிக்கு மாற்றிவிட்டு, விரலை மறுபடி மஞ்சள் புரியில் ஓட்டுங்கள். நிற்காது, மணியும் அடிக்காது. 1985-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹனவால்ட் என்ற விஞ்ஞானியின் குழு, படியெடுக்கப்படும் மரபணு மற்ற இடங்களைவிட வேகமாகச் சரிசெய்யப்படுவதைக் கண்டது. 1987-இல் அதே குழு, அந்த வேகம் படிக்கப்படும் இழைக்கு மட்டும்தான் என்று காட்டியது. மற்ற இழையின் முடிச்சு, ஊர் முழுக்கச் சுற்றி வருகிற பொதுப் பழுதுபார்ப்புப் புரதங்களின் கண்ணில் படும்வரை அப்படியே கிடக்கும்.

இந்தக் கடைசிப் படியில்தான் அவள், "அப்போ படிக்கிறதும் ஒரு வகையில காவல்தானா மாமா?" என்றாள்.